வரியே இல்லாத நாப்கினுக்கு வரி: வசூலித்த பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்
நிர்வாகி,
பணிபுரியும் மகளிர் விடுதி,
திருப்பூர்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
இணையவழி மொத்த விற்பனைப் பிரிவு,
சென்னை.

நாள்: 10.11.2025

பொருள்: சானிட்டரி நாப்கினுக்கு இல்லாத ஜிஎஸ்டியை வசூலித்தது குறித்து.

ஐயா / அம்மையீர்,

எங்கள் விடுதியில் தங்கியிருக்கும் பெண்களுக்காக உங்கள் தளத்தில் மாதாமாதம் சானிட்டரி நாப்கின் பெட்டி வாங்குகிறேன். அக்டோபர் மாத பில்லின் நகலை இணைத்துள்ளேன். 48 பாக்கெட், ஒன்று 34 ரூபாய் வீதம் 1,632 ரூபாய். அதற்குக் கீழே மத்திய ஜிஎஸ்டி 2.5 சதவீதம், மாநில ஜிஎஸ்டி 2.5 சதவீதம் என்று இரண்டு வரியாகப் பிரித்து, மொத்தம் 81 ரூபாய் 60 காசு சேர்த்திருக்கிறீர்கள். செப்டம்பர் 22-க்கு முந்தைய பில்களில் இதே பெட்டிக்கு 12 சதவீதம், அதாவது 195 ரூபாய் 84 காசு.

சானிட்டரி நாப்கினுக்கு ஜிஎஸ்டி கிடையாது. இன்று நேற்றல்ல, 2018 ஜூலை 27 முதல் கிடையாது. இந்த செப்டம்பரில் வரி விகிதங்களை மாற்றியபோதும் அது வரிவிலக்குப் பட்டியலிலேயேதான் இருக்கிறது. நீங்கள் 12 வாங்கியதும் தவறு, இப்போது 5 வாங்குவதும் தவறு.

இதில் எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது உங்கள் தளத்தின் முகப்பில் தொங்கிய பேனர். 'ஜிஎஸ்டி குறைந்தது, பலன் உங்களுக்கே!' என்று போட்டு, ஷாம்பு, பற்பசையோடு நாப்கின் பாக்கெட்டையும் வரிசையில் நிறுத்தி, அந்தப் பாக்கெட்டின் மேல் '12%' என்பதைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் '5%' என்று பெரிதாக எழுதியிருந்தீர்கள். ஷாம்புக்கும் பற்பசைக்கும் வரி குறைந்தது உண்மை. நாப்கினுக்குக் குறைய அங்கே என்ன இருந்தது? எடுக்கக் கூடாததை ஏழு வருடமாக எடுத்துவிட்டு, அதில் பாதிக்கு மேல் விட்டுக்கொடுத்ததைத் தீபாவளிச் சலுகையாக விளம்பரம் செய்த கடையை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

தவறைக் கண்டுபிடித்தது எங்கள் விடுதியில் இருக்கும் ஒரு பெண். ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அலமாரியில் இருந்து பாக்கெட் எடுத்தால் நோட்டில் பெயர் எழுதி, மாதக் கடைசியில் அடக்க விலையைக் கொடுப்பது எங்கள் வழக்கம். இங்கே லாபம் என்று ஒரு பைசா வைப்பதில்லை. அந்த மாத பாக்கெட் விலையை எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அக்கா, பில்லைக் கொஞ்சம் காட்டுங்க" என்று வாங்கிப் பார்த்தவள், "இதுக்கு ஏதுங்க்கா வரி?" என்றாள். அன்று மாலையே உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசினேன். பேசியவர் மரியாதையாகவே பேசினார். அவர் மீது எனக்குக் குறை இல்லை. ஆனால் அவர் வாயில் உங்கள் நிறுவனம் வைத்து அனுப்பிய பதில்கள் மூன்றும் செல்லாதவை.

முதல் பதில், "எச்எஸ்என் 9619-க்கு சிஸ்டத்தில் 5 சதவீதம்தான் மேடம் வருது" என்பது. எச்எஸ்என் என்பது வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் குறியீடு. உங்கள் பில்லில் 9619 என்று நான்கு இலக்கம்தான் இருக்கிறது. அந்தத் தலைப்பின் கீழ் பெண்களின் நாப்கினும் வருகிறது, குழந்தைகளின் டயப்பரும் வருகிறது, நோயாளிகளின் டயப்பரும் வருகிறது. ஆறு இலக்கம் வரை போனாலும் எல்லாம் 961900 தான். ஏழாவது இலக்கத்தில்தான் பிரிகிறது: சானிட்டரி நாப்கின் 96190010, டாம்பான் 96190020, குழந்தை டயப்பர் 96190030, நோயாளிகளுக்கானது 96190040. முதல் இரண்டுக்கும் வரி இல்லை. அடுத்த இரண்டுக்கும் 12 சதவீதமாக இருந்து, செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகியிருக்கிறது. எங்கள் பில்லில் ஏறி இறங்கிய கணக்கும் அச்சு அசல் இதேதான். ஆக, உங்கள் சாஃப்ட்வேரில் பொருளைப் பதிவு செய்தவர் நாப்கினையும் டயப்பரையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இதைக் கண்டுபிடிக்க வரி ஆலோசகர் தேவையில்லை. உங்களிடம் வரி ஆலோசகர்களும் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது பதில், "எம்ஆர்பி 45 ரூபாய், அதைவிடக் குறைவாகத்தானே கொடுத்திருக்கிறோம்" என்பது. எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதைத் தாண்டினால் அது தனிக் குற்றம். தாண்டவில்லை என்பதற்காக அதற்குள் எதை வேண்டுமானாலும் வரி என்று எழுதிக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நீங்கள் பாக்கெட் 38 ரூபாய் என்று விலை சொல்லியிருந்தால் எனக்குப் பேச்சே இல்லை. அது உங்கள் வியாபாரம். பிடித்தால் வாங்குவேன், இல்லாவிட்டால் விடுவேன். ஆனால் நீங்கள் காட்டிய விலை 34. எங்கள் ஊர் மொத்த வியாபாரி இதே பாக்கெட்டை 36 ரூபாய்க்கு, வரி என்று எதுவும் போடாமல் தருகிறார். 34 என்பதைப் பார்த்துத்தான் அவரை விட்டு உங்களிடம் வந்தேன். வரி எங்கு வாங்கினாலும் ஒன்றுதானே என்று எந்த வாடிக்கையாளரும் நினைப்பார். 12 சதவீதம் சேர்ந்ததும் உங்கள் பாக்கெட் 38 ரூபாய் 8 காசு. அதாவது விலை குறைந்த கடை என்று நான் நம்பி வந்தது, பக்கத்துக் கடையைவிட இரண்டு ரூபாய் அதிகம் வாங்கிய கடை. அந்த இரண்டு ரூபாயைப் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் பெண்கள் தங்கள் சம்பளத்தில் இருந்து கொடுத்திருக்கிறார்கள்.

(மக்கள் மருந்தகத்தில் ஒரு நாப்கின் ஒரு ரூபாய்க்குக் கிடைக்குமே என்று யாரும் எழுத வேண்டாம். தெரியும். மெஷினில் உட்கார்ந்தால் இடைவேளை வரை எழ முடியாதவர்களும் இரவு ஷிப்டு பார்ப்பவர்களும் பெரிய அளவைத்தான் கேட்கிறார்கள்.)

மூன்றாவது பதிலில் கொஞ்சம் நியாயம் ஒட்டியிருக்கிறது. வரிவிலக்குப் பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது, அதனால் செலவு கூடுகிறது என்றார். உண்மைதான். பேடுக்குள் இருக்கும் உறிஞ்சும் பாலிமர், பாலிஎத்திலின் ஷீட், பசை ஆகியவற்றுக்கு 18 சதவீதம் என்று 2017-லேயே நிதி அமைச்சகம் விளக்கம் கொடுத்திருந்தது. விற்கும்போது வரி இல்லை என்பதால், வாங்கும்போது கட்டிய வரியைத் தயாரிப்பாளர் கழித்துக்கொள்ள முடிவதில்லை. அது விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'பூஜ்ய வரி' என்று அரசு சொல்லும்போது இதைச் சேர்த்துச் சொல்வதில்லை என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தச் செலவை விலையில் ஏற்றுவது வேறு, ஜிஎஸ்டி என்று தனி வரியாக எழுதி வாங்குவது வேறு. சட்டப்படி உரிய வரியைத் தவிர வேறு எதையும் பதிவு பெற்ற வியாபாரி வரியாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 32-ஆம் பிரிவு சொல்கிறது. வரிவிலக்குப் பொருளை மட்டும் வாங்கியவருக்கு நீங்கள் தர வேண்டியது வரி போடும் 'டாக்ஸ் இன்வாய்ஸ்' அல்ல, வரி இல்லாத 'பில் ஆஃப் சப்ளை'. என்னிடம் இருக்கும் எல்லா பில்லிலும் மேலே 'டாக்ஸ் இன்வாய்ஸ்' என்றே அச்சாகியிருக்கிறது.

81 ரூபாய்க்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று கேட்பீர்கள். அந்தப் பூஜ்யம் யாரும் சும்மா தூக்கிக் கொடுத்ததல்ல. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோது வளையலுக்கு வரி இல்லை, குங்குமத்துக்கு இல்லை, பொட்டுக்கு இல்லை. நாப்கினுக்கு மட்டும் 12 சதவீதம். முன்பு கலால் வரியும் வாட்டும் சேர்ந்து 13.68 சதவீதம் இருந்ததே, இப்போது குறைவுதானே என்று அரசு சமாதானம் சொன்னது. உங்கள் பேனரின் தர்க்கமும் இதேதான். பெண்கள் கையெழுத்து வாங்கினார்கள், 'லஹூ கா லகான்' (ரத்தத்துக்கு வரி) என்ற பெயரில் இயக்கம் நடத்தினார்கள், ஓர் ஆராய்ச்சி மாணவி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பொட்டுக்கும் கண்மைக்கும் விலக்குக் கொடுக்கும்போது இதற்கு ஏன் கொடுக்கவில்லை என்று நீதிமன்றம் அரசைக் கேட்டது. 2018 ஜூலை 21 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் வரியை நீக்கியது. ஒரு வருடத்துக்கு மேல் சண்டை போட்டு எடுத்த வரியை, உங்கள் அலுவலகத்தில் ஒருவர் மவுஸை ஒரு தட்டுத் தட்டித் திரும்பப் போட்டுவிட்டார். ஏழு வருடமாக யாரும் கேட்காததற்குக் காரணம், வரி என்று எழுதியிருந்தால் அது சர்க்கார் பணம் என்று நம்பி ஜனங்கள் கட்டிவிடுவதுதான்.

அந்த நம்பிக்கையின் பேரில் வாங்கிய பணம் இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான் நான் எழுத்தில் பதில் கேட்கும் முதல் கேள்வி. வரி என்ற பெயரில் யாரிடம் எதை வசூலித்தாலும், அந்தப் பொருளுக்கு வரி உண்டோ இல்லையோ, தொகையை உடனே அரசுக்குச் செலுத்தியாக வேண்டும் என்பது 76-ஆம் பிரிவு. செலுத்தியிருந்தால், எந்த மாதக் கணக்கில் செலுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். செலுத்தாமல் வைத்திருந்தால், அது என்னோடு பேசித் தீர்க்கும் விஷயமாக இருக்காது.

எங்கள் கணக்கில் இருக்கும் ஒவ்வொரு நாப்கின் பில்லுக்கும், கூடுதலாக வாங்கியதைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் போட்டு, வரியாக வாங்கிய முழுத்தொகையையும் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். தளத்தில் செலவு செய்யும் 'வாலட்' புள்ளிகளாக வேண்டாம். நான் நோட்டைப் பார்த்து அந்தந்தப் பெண்ணுக்குக் கையில் கொடுக்க வேண்டும், வேலையை விட்டுப் போனவர்களுக்கு ஜிபே பண்ண வேண்டும். கடந்த நிதியாண்டு பில்களுக்கான கிரெடிட் நோட்டை வரிக் கணக்கில் சேர்க்க நவம்பர் 30 கடைசி நாள் என்பதை உங்கள் கணக்குப் பிரிவுக்கு ஞாபகப்படுத்துங்கள். அதற்கு முந்தைய வருடங்களுக்குக் காலக்கெடு முடிந்துவிட்டது என்றால், அந்த நஷ்டம் உங்களுடையது. வாடிக்கையாளர் தலையில் போடாதீர்கள்.

எனக்கு மட்டும் திருப்பிக் கொடுத்து வாயை அடைப்பதை ஏற்க மாட்டேன். யாரிடம் எவ்வளவு வாங்கினீர்கள் என்பது உங்கள் சாஃப்ட்வேரில் இருக்கிறது. மற்ற விடுதிகளும் சின்னக் கடைக்காரர்களும் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று வைக்காமல், நீங்களே அவர்களுக்குத் தெரிவித்துத் திருப்பிக் கொடுங்கள். நாப்கினை எட்டு இலக்கக் குறியீட்டில் சரியாகப் பதிவு செய்யுங்கள். பேனரில் இருந்து அந்தப் பாக்கெட் படத்தை இன்றே எடுங்கள்.

மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டியவர் நீங்கள். அதற்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். பில் நகல்களோடு ஜிஎஸ்டி அலுவலகத்துக்கும் எழுதுவேன். டிசம்பர் மாதப் பெட்டியை ஏற்கெனவே எங்கள் ஊர் மொத்த வியாபாரியிடம் சொல்லிவிட்டேன். உங்கள் தளத்தில் மாதாமாதம் தானாகப் போகும்படி வைத்திருந்த ஆர்டரை ரத்து செய்திருக்கிறேன், அதற்குப் பிடித்தம் எதுவும் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
விடுதி நிர்வாகி

இணைப்பு: பில் நகல்கள், பேனரின் ஸ்கிரீன்ஷாட், வங்கிக் கணக்கு விவரம்.