சபெராவி: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். காக்கசஸ் மலைநாடான ஜார்ஜியாவின் சபெராவி என்னும் ஒரே திராட்சையிலிருந்து வந்த இரண்டு ஒயின்களில் ஒன்று இனிப்பாகவும் மற்றொன்று வாயைக் கட்டும் துவர்ப்போடும் இருக்குமாமே, அது எப்படி என்று கேட்டிருந்தாய். தாவரவியல் வாத்தியாரிடம் கேட்டுவிட்டாய். பதில் சற்று நீளும்.

முதலில் பழத்தைப் பார். நம் கம்பம் பன்னீர் திராட்சையைப் பிதுக்கினால் தோல் மட்டுமே கறுப்பாக இருக்கும், சதை வெளிறியிருக்கும். பெரும்பாலான கருந்திராட்சைகள் அப்படித்தான்; அதனால்தான் பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் பினோ நுவார் என்ற கருந்திராட்சையிலிருந்தும் வெள்ளை ஒயின் எடுக்கிறார்கள். சபெராவியில் தோலோடு சதையிலும் ஆந்தோசயனின் நிறமி இருக்கிறது. விரலால் நசுக்கினால் சாறே சிவந்து வரும். அதன் ஒயின் குவளைக்கு மறுபக்கம் தெரியாத அளவுக்குக் கருத்திருப்பதும் இதனால்தான். இன்னொரு குணம், நன்கு பழுத்துச் சர்க்கரை ஏறிய பிறகும் இதில் புளிப்பு தூக்கலாகவே நிற்கும்.

இனி உன் கேள்வி. திராட்சைச் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்று தீர்த்தால் இனிப்பற்ற ஒயின் கிடைக்கும். பாதியில் நிறுத்தினால் மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கும். அலசானி ஆற்றுக்கு இடப்புறம், காக்கசஸ் மலையடிவாரத்தில் உள்ள க்வாரெலி வட்டாரத்துக் கிண்ட்ஸ்மராவுலி ஒயினுக்காக, நொதித்துக்கொண்டிருக்கும் சாற்றைக் குளிர்வித்து ஈஸ்ட்டை அடக்கிவிடுகிறார்கள். வலப்புறத்து முகுசானியோ முழுவதும் நொதித்து, ஓக் மரப் பீப்பாயில் முதிர்வது. சோவியத் காலத்திலிருந்தே ரஷ்யச் சந்தையில் இனிப்பு வகைக்கு மவுசு அதிகம். 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை விதித்து, 2013-இல்தான் நீக்கியது. அந்த இடைவெளியில் வேறு நாட்டுச் சந்தைகளைத் தேட வேண்டியிருந்தது அவர்களுக்கு ஒருவகையில் நல்லதாகவே முடிந்தது என்பது என் எண்ணம். பழத்தின் குணம் முழுதாக வெளிப்படுவது இனிப்பற்ற வகையில்தான் என்றும் சொல்வேன். (இதையெல்லாம் இவருக்கு யார் சொன்னது என்று உன் அம்மா கேட்பாள். புத்தகம்தான்.)

அக்டோபரில் அறுவடை பார்க்கத் தோழிகளோடு ஜார்ஜியாவின் கிழக்கிலுள்ள ஒயின் வட்டாரமான ககேதிக்குப் போவதாகச் சொன்னாய். போனால் க்வெவ்ரியைப் பார்க்காமல் திரும்பாதே. நம் முதுமக்கள் தாழியைப் போல அடி கூம்பிய பெரிய மண்கலம் அது. உட்புறம் தேன்மெழுகு பூசி, வாய் மட்டும் தெரியும்படி தரையில் புதைத்திருப்பார்கள். நசுக்கிய பழத்தைத் தோலோடும் விதையோடும் அதில் கொட்டிவிட்டால், தோலில் உள்ள ஈஸ்ட்டே நொதிக்கவைக்கும். சுற்றியுள்ள மண் சூட்டைத் தணிக்கும். கிளம்பும் கரியமில வாயு தோல்களை மேலே தள்ளி, தடித்த மூடியைப் போல மிதக்கவிடும். அது காய்ந்து கெட்டுவிடாதிருக்கவும் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்கவும் நீண்ட கழியால் நாளுக்குப் பலமுறை அமுக்கிவிடுவார்கள். நொதித்து அடங்கியதும் விதைகள் கூம்பின் அடியில் போய்ப் படியும். கலத்தின் வடிவம் அதற்கு வசதியாக இருக்கிறது. இந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜார்ஜியத் தலைநகர் திபிலீசிக்குத் தெற்கே அகழ்ந்தெடுத்த, ஏறத்தாழ 8,000 ஆண்டு பழமையான பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் தடயம் இருந்ததாக 2017-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

சபெராவியைக் காம்போடு போடுகிறார்களா, காம்பை நீக்கிவிட்டுப் போடுகிறார்களா என்று அங்கே ஒயின் செய்யும் வீட்டாரிடம் கேட்டு எனக்கு எழுது. காம்பு சேர்ந்தால் துவர்ப்பு கூடும். ஏற்கெனவே துவர்ப்பு மிகுந்த இந்தப் பழத்துக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அறிய ஆவலாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா