விளக்குச் சர வயரில் தட்டைப் பின் அடிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நாற்காலித் துணி மாற்ற, கொசுவலை அடிக்க, செடிப்பெட்டிக்கு உள்விரிப்பு போட, பேட்டரி ஸ்டேப்ளர் அருமையான கருவி. தீபாவளி அலங்காரத்தின்போது அதே கருவியால் விளக்குச் சரத்தின் வயரையும் மரச்சட்டத்தில் அடிப்பதுதான் ஆபத்து. அதில் போடும், முதுகு தட்டையான 'ப' வடிவக் கம்பிப் பின்தான் தட்டைப் பின்; அதன் முதுகு வயரின் மேலுறையை நசுக்கிவிடும். பின்னின் கூரிய கால் சற்று விலகினால் உள்ளே இருக்கும் செம்பிலேயே இறங்கும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நசுங்கிய இடம் கண்ணுக்குத் தெரியாது. மழைச்சாரல் பட்ட பிறகுதான் கசிவு தெரியவரும். வயருக்கென்றே வளைந்த முதுகும் பிளாஸ்டிக் உறையும் உள்ள பின் இருக்கிறது. தட்டைப் பின் கருவிக்குள் அது போகாது. ஆணி வைத்த பிளாஸ்டிக் கிளிப்பும் சிறு சுத்தியலும் போதும்.

அடுத்தது பின்னின் நீளம். துணியின் தடிமனைக் கழித்தபின் குறைந்தது 6 மில்லிமீட்டராவது மரத்துக்குள் இறங்க வேண்டும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் இருக்கைக்கு 8 அல்லது 10 மில்லிமீட்டர் பின் சரி. 14 போட்டால் மறுபக்கம் குத்திக்கொண்டு வரும். பலாவ் போன்ற கெட்டி மரத்தில் பின் பாதியிலேயே மடங்கும். அங்கே நீளத்தைக் குறையுங்கள். பைன் மரத்திலும் பின் மேலே துருத்தினால், பெரும்பாலும் கருவியின் மூக்கை மரத்தோடு ஒட்ட அழுத்தாததே காரணம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கான்கிரீட் சுவரில் எந்தப் பின்னும் இறங்காது. தெறித்து முகத்தில்தான் படும். எங்கே அடித்தாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

துணி அடிக்கும்போது நான்கு பக்கமும் முதலில் நடுவில் ஒவ்வொரு பின். பிறகு எதிரெதிராக மூலை நோக்கி, 3 சென்டிமீட்டருக்கு ஒன்று. ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் சுருக்கம் விழும், பிரித்துத்தான் சரிசெய்ய முடியும். கொசுவலைக்கு ஓரத்தை இரண்டாக மடித்து, இழைக்குச் சாய்வாகப் பின் அடிக்க வேண்டும். இழையோடு நேராக அடித்தால் ஓரிரு நூல்தான் பின்னில் மாட்டும். வலை அங்கேயே கிழியும்.

சமூகத் தோட்டங்களில் மரப்பெட்டிக்கு விரிப்பு போடுவோர் கவனிக்க: பின்னை மேல் விளிம்பில் மட்டும் அடியுங்கள். விரிப்பைத் தளர்வாக விட்டால் மடிப்பில் நீர் தேங்கும். ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணய அகல நீர் போதும். வெளிவேலைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்தான் வாங்க வேண்டும். சாதாரணப் பின் நம் ஈரக்காற்றில் துருவேறி துணியில் கறை விடும். செம்பு கலந்த மருந்தேற்றிய பலகையில் அது இன்னும் வேகமாக அரிக்கும்.

பின் அடிக்கடி சிக்கினால் கருவியைக் குறை சொல்லுமுன் பின் பெட்டியில் உள்ள அளவைப் பாருங்கள். 10.6 மில்லிமீட்டர் அகலப் பின்னும் 11.4 மில்லிமீட்டர் பின்னும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; ஒன்றுக்கான கருவியில் மற்றது ஓடாது. சிக்கிய பின்னை எடுக்குமுன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சிக்கியிருக்கும்போது விசை தட்டப்பட்டால், அடுத்த பின் விரலுக்குள்தான் இறங்கும்.

இப்படிக்கு,
மரவேலை ஆர்வலர்கள்,
ஈசூன், சிங்கப்பூர்