கறள் தின்னும் பாலத்துக்குப் பூச்சு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வடமராட்சியில் எங்கள் ஊரையும் அயலூரையும் உவர்நீரேரியின் கிளையொன்று பிரிக்கிறது. அதைக் கடக்கும் இரும்புப் பாலத்துக்கு அண்மையில் மறுபடியும் வெள்ளிநிறப் பூச்சு அடித்தார்கள். "பாலம் திருத்தியாச்சு" என்று ஊரவர் பலர் நிம்மதியாகக் கதைக்கிறார்கள். நாற்பது வருடம் இரும்பு ஒட்டிச் சீவித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்: பாலம் திருத்தப்படவில்லை. அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆறேழு வருடத்துக்கு முன் அந்தப் பாலத்தில் கிழிந்த தகடொன்றை ஒட்டித் தரும்படி என்னைக் கூப்பிட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், இது தொம்மென்றது. பூச்சோடு சேர்ந்து கறள் செதில் செதிலாகக் கழன்று விழுந்தது. தட்டத் தட்ட அரை அங்குலத் தகடு கால் அங்குலமானது. கேட்டார்களே என்று ஒட்டிக்கொடுத்தேன். அடுத்த மாரிக்குள், நான் ஒட்டிய துண்டு அப்படியே இருக்க, அதைச் சுற்றியிருந்த பழைய தகடு கிழிந்துவிட்டது. அந்த வேலையை ஏற்றிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் மனம் உறுத்துகிறது.

இரும்புச் சட்டங்களை முக்கோணம் முக்கோணமாகப் பொருத்திய பாலம் இது. பாரம் ஏறும்போது மேற்சட்டம் நசுங்கப் பார்க்கும். கீழ்ச்சட்டம் இழுபட்டு அறப் பார்க்கும். சாய்வுச் சட்டங்கள் பாரத்தை வாங்கிக் கரைக்குக் கடத்தும். குறைந்த இரும்பில் நீண்ட தூரம் கடக்க அருமையான வழி. ஆனால் பக்கத்துக்கு ஒரேயொரு சட்டகம்தான். ஒரு கீழ்ச்சட்டமோ, சட்டங்கள் கூடும் மூலையை இணைக்கும் ஒரு தகடோ அறுந்தால் அதன் பாரத்தைத் தாங்க வேறொன்றில்லை. உப்புத்தண்ணீர் தெறிப்பதும், சோளகம் அள்ளிவரும் புழுதி அடைவதும், ஈரம் காயாமல் கிடப்பதும் அதே கீழ்ச்சட்டத்திலும் மூலைகளிலும்தான். இரண்டு தகடுகளுக்கு நடுவில் பிடிக்கும் கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். தகடுகளைப் பிளக்கும், அவற்றைப் பிணைக்கும் றிவெற் ஆணிகளின் தலைகளைத் தெறிக்க வைக்கும். அந்த இடுக்குக்குள் பூச்சுத் தூரிகை போகாது.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1967இல் திறந்த ஆற்றுப் பாலம் 2007 ஓகஸ்ற் 1ஆம் திகதி மாலை நெரிசலில் விழுந்து 13 பேர் இறந்தார்கள். அதுவும் இப்படிச் சட்டங்கள் பின்னிய பாலம்தான். சட்டங்கள் கூடும் மூலைகளில் சில தகடுகள் வேண்டிய தடிப்பில் பாதியளவே இருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. அது வடிவமைத்த நாளிலேயே நடந்த பிழை. அதன்மேல் பிற்காலத்தில் தளத்தில் போட்ட கொங்கிறீற்றும், அன்று திருத்தவேலைக்குக் குவித்திருந்த கல்லும் மணலும் ஏறின. எங்கள் பாலத்தில் யாரும் மெல்லிய தகடு வைக்கவில்லை, கறள்தான் அதை மெலிய வைத்தது. பாரத்தை நாங்களே ஏற்றுகிறோம். குழி விழும்போதெல்லாம் தாருக்கு மேல் தார். 20 மீற்றர் நீளத்துக்கும் 4 மீற்றர் அகலத்துக்கும் இரண்டு அங்குலத் தார் போட்டால் ஏறத்தாழ 9 தொன் வரும். அந்தப் பாரம் இரவும் பகலும் பாலத்தின் மேலேயே நிற்கிறது.

நன்றாகப் பராமரித்தால் இன்னும் நூறு வருடம் நிற்கும் என்பவர்களுக்கு அக்கரையில் இருக்கும் பாம்பனைக் காட்டுவேன். 1914இல் திறந்த அந்த ரயில் பாலத்தைப் பார்க்கவும் பூசவும் எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் 2022 டிசம்பரில் கறள் காரணமாக ரயிலை நிறுத்தினார்கள்; பக்கத்தில் கட்டிவந்த புதிய பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தார்கள். அதே கடற்காற்றுத்தான் எங்களுக்கும். எங்கள் பாலத்துக்கு நினைத்த நேரத்தில் ஒரு வாளிப் பூச்சு மட்டும்.

புதிய பாலம் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் எனக்குக் கவலை உண்டு. இந்தச் சிறு தூரத்துக்குக் கொங்கிறீற் பாலமே போதும். ஆனால் கொங்கிறீற்றும் உப்புக்குத் தப்பாது. உள்ளே கம்பி கறள் பிடித்தால் வெளியே வெடிக்கும். கம்பிக்கு வெளியே இரண்டு அங்குலத்துக்குக் குறையாத மூடல் வேண்டும். உவர்த்தண்ணீரோ கடல்மணலோ கலவைக்குள் வரக்கூடாது. செலவைக் குறைக்க இரண்டு கரையிலும் மண்ணை நிரப்பிக்கொண்டு வந்து பாலத்தைக் குட்டையாக்கும் வழக்கம் இருக்கிறது; அதைச் செய்யவே கூடாது. வாய் குறுகினால் மாரி வெள்ளம் பின்வாங்கி வயலுக்குள் நிற்கும். இறால் ஏறி இறங்கும் வழியும் அடைபடும். இறால் பிடிக்கக் களங்கட்டி வலை வைத்துச் சீவிக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்குப் பாலத்தின் ஓரத்தில் தனி வழி வேண்டும். புதுப் பாலம் முடியும்வரை மோட்டார் சைக்கிளாவது போக ஒரு வழியும் வேண்டும். இல்லாவிட்டால் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியும் ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும்.

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கும், ஊர் வீதிகள் பிரதேச சபைக்கும் உரியவை. ஊர் வீதியில் இருக்கும் பாலத்தைத் தன் வருமானத்தில் கட்டச் சபையால் முடியாது என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் மேலிடத்தில் பணம் கேட்பதற்குப் பொறியியலாளர் ஒருவர் அடியில் இறங்கிப் பார்த்து எழுதிய அறிக்கை வேண்டும். அதைக் கோருவது சபையின் கையில்தான் இருக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாட்டின் பல பாலங்களைக் கொண்டுபோன பிறகு, இருக்கிற பணம் விழுந்த பாலங்களுக்குப் போவது நியாயமே. விழாமல் நிற்கிறது என்பதற்காக எங்கள் பாலம் பட்டியலுக்கே வராமல் போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

புதுப் பாலம் வரும்வரை பார அளவு எழுதிய பலகையை நம்ப வேண்டாம். இரவில் மணல் டிப்பர்கள் அதைப் பார்ப்பதில்லை. பாலத்தின் இரு முகப்பிலும் ஏழடி இடைவெளி விட்டுத் தூண் நட்டால் அம்புலன்ஸ் போகும், பெரிய டிப்பர் போகாது. பஸ் ஏற்கெனவே நின்றுவிட்டதால் அதனால் யாருக்கும் புதிய இடைஞ்சல் இல்லை. ஒரு கிழமை வேலை.

புரட்டாதியில் தண்ணீர் வற்றி, பாலத்தின் அடியெல்லாம் வெளியே தெரியும். ஐப்பசி மழை விழுந்தால் தை வரை யாரும் இறங்க முடியாது. பொறியியலாளர் வரும் நாளைச் சபை அறிவித்தால், எந்த மூலையில் தட்டிப் பார்க்க வேண்டும் என்று காட்ட நானும் சுத்தியலோடு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரும்பு ஒட்டுவேலைத் தொழிலாளி,
வடமராட்சி.