பெயர் அதே, அட்டை அதே, உள்ளே இருப்பது வேறு: பூனை உணவு குறித்து ஒரு புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
செல்லப்பிராணி உணவுத் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: கோழி பேட்டே (அரைத்த இறைச்சி விழுது) டின்னின் சேர்மானத்தைச் சொல்லாமல் மாற்றியது, மாவுச்சத்து அளவைத் தர மறுப்பது, உதவி எண்ணில் இன்சுலின் பற்றிக் கொடுத்த யோசனை ஆகியவை குறித்து.

ஐயா / அம்மா,

உங்கள் 85 கிராம் கோழி பேட்டே டின்னை ஓராண்டுக்கும் மேலாகப் பெட்டி பெட்டியாக வாங்கி வருகிறோம். கடைசியாக வந்த பெட்டியில் பெயர் மாறவில்லை, படம் மாறவில்லை, விலையும் மாறவில்லை. உள்ளே இருக்கிற சாப்பாடு மட்டும் மாறிவிட்டது. உதவி எண்ணில் பேசிய ஊழியர் "ஒண்ணுமே மாறல சார், அதே ரெசிபிதான்" என்றார். மின்னஞ்சலுக்கு வந்த பதிலில் "புதிய மேம்பட்ட சுவை" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் எது உண்மை என்று எழுத்தில் தெரிய வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

பூனைக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை என்ற புகார் அல்ல இது. நன்றாகவே பிடித்திருக்கிறது, தட்டை நக்கிவிட்டுப் போகிறான். சிக்கல் அவன் உடம்பில்.

எங்கள் மன்னாருக்கு 11 வயது. கருத்தடை செய்த ஆண் பூனை, ஒரு காலத்தில் 7 கிலோ இருந்தவன். பூனைகளில் சர்க்கரை நோய் அதிகம் வருவது இந்த ரகத்துக்குத்தான் என்று டாக்டர் சொன்னார்: நடுவயது தாண்டிய, குண்டான, கருத்தடை செய்த ஆண். தண்ணீர்க் கிண்ணம் அடிக்கடி காலியாவதும், நிறையத் தின்றும் இளைத்துக்கொண்டே போவதும் கண்டு கூட்டிப்போனோம். காலை, மாலை இன்சுலின் ஊசி போட்டோம். கிபிளை, அதாவது உலர்ந்த உருண்டைத் தீனியை, அடியோடு நிறுத்தினோம். அந்த உருண்டைகள் உருண்டையாக நிற்பதற்கே மாவு வேண்டும், அதனால் கிபிளில் மாவுச்சத்தைத் தவிர்க்கவே முடியாது. அதற்குப் பதிலாக டாக்டரிடம் கேட்டுத் தேர்ந்தெடுத்ததுதான் உங்கள் பேட்டே. ஊசியின் அளவு படிப்படியாக இறங்கி, கடைசியில் தேவையே இல்லாமல் போயிற்று.

இந்த நிலையை ரெமிஷன் என்கிறார்கள். இன்சுலின் இல்லாமலே குறைந்தது 4 வாரம் சர்க்கரை சாதாரண அளவில் நின்றால் அந்தப் பெயர். குணமாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் கொஞ்சம் அழிந்தது அழிந்ததுதான். மிச்சம் இருப்பவை, சுமை குறைவாக இருக்கிற வரைக்கும் தாக்குப்பிடிக்கும். ரெமிஷனுக்கு வந்த பூனைகளில் கணிசமானவற்றுக்கு நோய் திரும்பி வருகிறது. பூனை பிறவியிலேயே மாமிசம் தின்னும் பிராணி. எச்சிலில் மாவைச் செரிக்கும் நொதி கிடையாது. சாப்பாட்டோடு வரும் குளுக்கோஸ் வெள்ளத்தை ஈரலில் பிடித்துவைக்கும் நொதியின் வேலையும் பூனைக்கு மிகக் குறைவு. ஆக, மன்னாரைப் பொறுத்தவரை நீங்கள் விற்பது வெறும் தீனி அல்ல. ஊசிக்குப் பதிலாக அதைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மாற்றத்தை முதலில் கவனித்தது என் மனைவி. பழைய பேட்டேயைக் கத்தியால் வெட்டினால் துண்டு துண்டாக நிற்கும். திறந்த டின்னை ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே வெள்ளையாகக் கொழுப்பு படியும். புதியது கரண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது, கொழகொழவென்று பளபளக்கிறது. மேலே கொழுப்பும் படியவில்லை. "இது என்னங்க, கூழு மாதிரி இருக்கு?" என்றாள். அப்புறம்தான் பழைய டின்னையும் புதிய டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்புறத்துப் பொடி எழுத்தைப் படித்தோம். சேர்மானப் பட்டியலில் முன்பு கோழி, கோழி ஈரல், தண்ணீர், தாது உப்புகள் என்று போனது. இப்போது கோழிக்கும் ஈரலுக்கும் நடுவே மரவள்ளி மாவும் அரிசி மாவும் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

கணக்குக்கு வருகிறேன். பழைய டின்னில் 100 கிராமுக்குப் புரதம் 11, கொழுப்பு 6, நார் 0.5, ஈரம் 78. சாம்பல், அதாவது உணவை எரித்தால் மிஞ்சும் தாது உப்பு, 2.5 என்று சென்ற ஆண்டு உங்கள் ஊழியர் ஒருவரே மின்னஞ்சலில் எழுதி அனுப்பினார் (அவருக்கு நன்றி, இப்போது அங்கே இருக்கிறாரா தெரியவில்லை). எல்லாவற்றையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து, 2 கிராம். புரதமும் மாவும் கிராமுக்கு 3.5 கலோரி, கொழுப்பு 8.5 கலோரி என்று வைத்தால், மொத்தக் கலோரியில் மாவின் பங்கு ஏறக்குறைய 7 சதவீதம். சர்க்கரை நோயுள்ள பூனைகளுக்கு இது 12 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசப் பூனை மருத்துவச் சங்கத்தின் 2015 வழிகாட்டுதல். உங்கள் டின் அதற்குள் வந்தது. அதை நாங்கள் வாங்கியதற்கு வேறு காரணமே இல்லை.

புதிய டின்னில் புரதம் 8.5, கொழுப்பு 3, நார் 0.5, ஈரம் 80. சாம்பல் எவ்வளவு என்று அட்டையில் இல்லை, கேட்டும் தரவில்லை. 2 என்று தாராளமாகவே வைத்தாலும் மாவு 6 கிராம் வருகிறது. கலோரியில் அதன் பங்கு 27 சதவீதத்துக்கும் மேல். பேட்டே என்ற பெயரில் ஏறக்குறைய கிபிளின் மாவு அளவை விற்கிறீர்கள். இன்னொன்று: முன்பு டின்னுக்குச் சுமார் 82 கலோரி, இப்போது சுமார் 65. விலை அப்படியே இருக்க, அதே கலோரிக்கு அதிக டின் வாங்க வேண்டியிருக்கிறது. நோயே இல்லாத பூனை வளர்ப்பவர்களுக்கும் இது நஷ்டம்தான்.

"அட்டையில் போட்டிருப்பது குறைந்தபட்சம், அதிகபட்சம்தான் சார், உண்மையான அளவு வேற இருக்கும்" என்றார் உங்கள் ஊழியர். சரி, ஒப்புக்கொள்கிறேன். புரதம் குறைந்தது 8.5 என்றால் பத்தும் இருக்கலாம். அப்படியானால் என் கணக்கு தவறாக இருக்கட்டும், சந்தோஷம். உண்மையான சராசரி அளவைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதைக் கேட்டால் மட்டும் "அது நிறுவன ரகசியம்" என்று பதில் வருகிறது. சாம்பல் அளவில் என்ன ரகசியம் இருக்க முடியும்? எந்த உணவு ஆய்வகத்தில் கொடுத்தாலும் சொல்லிவிடுவார்கள்.

மன்னாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். ரெமிஷனில் இருக்கிற பூனைக்கு மாதத்தில் சில நாள் வீட்டிலேயே சர்க்கரை பார்க்கிறோம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் கொஞ்சநேரம் வைத்து, காது ஓரத்து நரம்புக்குப் பக்கத்தில் ஊசியால் தொட்டால் கடுகளவு ரத்தம் வரும். ஸ்ட்ரிப்புக்கு அது போதும். ஒரு துண்டு வேகவைத்த கோழி லஞ்சம் கொடுத்தால் அவன் அலட்டிக்கொள்வதில்லை. உங்கள் பழைய டின் சாப்பிட்ட காலத்தில் 90-க்கும் 120-க்கும் நடுவே நின்றது. புதிய பெட்டி தொடங்கிய பிறகு 148, 171, 188 என்று ஏறி 214 வரை போயிற்று. தண்ணீர் குடிப்பதும் கூடியது, மணல் தட்டில் கட்டிகளும் பெரிதாயின.

இதைச் சொன்னதும் உங்கள் நிறுவனத்தின் "உணவு ஆலோசகர்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டவர், மீட்டர் கோளாறாக இருக்கும், மனிதர்களின் மீட்டரில் பூனைக்குப் பார்த்தால் அதிகமாகக் காட்டும் என்றார். நேர்மாறு. மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும், ஏனென்றால் சிவப்பணுக்களுக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையே குளுக்கோஸ் பிரிந்திருக்கும் விதம் பூனைக்கு வேறு. 214 என்று காட்டினால் உண்மை அதற்கும் மேலே இருக்கவே வாய்ப்பு அதிகம். சிறுநீர் ஸ்ட்ரிப்பில் எதுவும் வரவில்லையே, அப்புறம் என்ன பயம் என்று அடுத்த கேள்வி. பூனையின் சிறுநீரில் சர்க்கரை இறங்க, ரத்தத்தில் ஏறக்குறைய 250-ஐத் தாண்ட வேண்டும். அதுவரை காத்திருக்கச் சொல்கிறீர்களா?

எங்கள் டாக்டர் அவசரப்பட்டு உங்கள் மேல் பழி போடவில்லை. பயந்த பூனைக்கு ஆஸ்பத்திரி மேசையிலேயே சர்க்கரை எகிறும் என்பதால், ஒன்றிரண்டு வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனைக்கு அனுப்பினார். அது வரம்புக்கு மேலே வந்தது. பல், ஈறு பார்த்தார். சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்டீராய்டு எதுவும் கொடுத்தோமா என்று கேட்டார், கொடுக்கவில்லை. கடைசியில் "சாப்பாட்ட மாத்திப் பாருங்க" என்றார். மாவு குறைந்த வேறொரு டின்னுக்கு, திடீரென்று நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். பூனையைப் பட்டினி போட்டால் ஈரலில் கொழுப்பு படிந்து வேறு ஆபத்து வரும் என்று எச்சரித்திருந்தார். சர்க்கரை மறுபடி 130-க்குக் கீழே இறங்கிவிட்டது. வேறு காரணமே இருக்க முடியாது என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் மாறியது ஒன்றுதான், அதைத் திரும்ப மாற்றியதும் சரியானது.

இனி இந்தக் கடிதத்தில் மிகவும் கடுமையாகச் சொல்ல வேண்டியது. அதே ஆலோசகர், "பழைய இன்சுலின் வீட்டுல இருந்தா ரெண்டு யூனிட் போட்டுப் பாருங்க, சரியாயிடும்" என்றார். பூனையைப் பார்க்காமல், ரிப்போர்ட்டைப் பார்க்காமல், தொலைபேசியில்! மருந்தில்லாமல் ஓரளவு தானே சமாளித்துக்கொண்டிருக்கும் பூனைக்கு, முன்பு போட்ட அளவில் ஊசி போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி வலிப்பு வந்து உயிரே போகலாம். பிறகு சாப்பாட்டை மாற்றியதுமே சர்க்கரை இறங்கிவிட்டதே, அன்று நாங்கள் ஊசியும் போட்டிருந்தால்? எங்களுக்குக் கேட்க ஒரு டாக்டர் இருந்தார். உங்கள் எண்ணை நம்பி ஊசியைக் கையில் எடுக்கிற இன்னொரு வீடு இருக்காது என்று உங்களால் சொல்ல முடியுமா? அந்த அழைப்பு பதிவாகும் என்று தொடக்கத்திலேயே இயந்திரக் குரல் சொன்னது. எடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

உங்களிடமிருந்து வந்த கடைசி மின்னஞ்சலில், அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பனும் ஒரு பூனைப் பாதப் படமும் இருந்தன. இலவசமாகவே கொடுத்தாலும் அந்த டின்னை நான் வாங்கப்போவதில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். புதிய சேர்மானத்தின் சராசரி அளவுகளை, சாம்பல் உட்பட, எழுத்தில் தாருங்கள். எந்த பேட்ச்சிலிருந்து மாற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள், பழைய சரக்கு இன்னும் கடைகளில் இருக்கக்கூடும். இனி சேர்மானம் மாறினால் டின்னின் முன்பக்கத்தில், படிக்கிற அளவு எழுத்தில் போடுங்கள். உங்கள் தளத்தில் இன்றும் பழைய பட்டியலே கிடக்கிறது, அதை முதலில் திருத்துங்கள், ஒரு நாள் வேலைகூட இல்லை. திறக்காமல் மீதமிருக்கும் டின்களுக்கான பணத்தையும், ஃப்ரக்டோசமைன் பரிசோதனைச் செலவையும் திருப்பித் தாருங்கள். இன்சுலின், மருந்து அளவு பற்றி யார் கேட்டாலும் "உங்கள் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்" என்பதைத் தவிர வேறு ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று உதவி எண் ஊழியர்களுக்கு எழுத்தில் உத்தரவு கொடுத்து, அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். பணம் தாமதமானால்கூடப் பொறுத்துக்கொள்வேன், இது தாமதமாகக் கூடாது.

வாங்குகிற பொருளின் தரம், அளவு பற்றித் தெரிந்துகொள்வது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை. பூனைக்காக வாங்கினாலும் நுகர்வோர் நான்தான். கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன்.

இரண்டு டின்களின் அட்டைப் படங்கள், ரசீதுகள், சர்க்கரை அளவு எழுதிவரும் நோட்டின் பக்கங்கள், பரிசோதனை ரிப்போர்ட், உங்கள் ஊழியர் சென்ற ஆண்டு அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். திறக்காத டின்களை எடுத்துப்போக ஆள் அனுப்புவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பெரம்பூர், சென்னை.