‘தௌ’ என்றால் ‘தாங்கள்’ என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பழைய ஆங்கிலச் சொற்கள் பகுதியில், ‘தௌ’ (thou) என்பது கடவுளையும் அரசர்களையும் மரியாதையாக அழைக்கும் சொல், தமிழில் ‘தாங்கள்’ என்று போட்டிருந்தீர்கள். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். ஆனால் புதன்கிழமை என் பேத்தி வகுப்புத் தேர்வுத் தாளோடு வந்து நின்றாள். அந்தச் சொல்லுக்கு ‘நீ’ என்று எழுதியிருக்கிறாள், நான் சொல்லிக்கொடுத்தது. சிவப்பு மையில் தப்பு, ஒரு மார்க் போச்சு. கேட்டால், “பேப்பர்லயே போட்டிருக்காம் தாத்தா” என்கிறாள். மறுநாள் போய்ப் பார்த்தேன், பள்ளி அறிவிப்புப் பலகையில் உங்கள் பத்திரிகைத் துண்டு நான்கு மூலையும் பசை தடவி ஒட்டியிருக்கிறது.

31 வருடம் ஆங்கிலப் பாடம் எடுத்தவன் நான். உங்களுக்குத் தெரியாததா, ‘தௌ’ ஒருமை, ‘யூ’ பன்மை, அப்புறம் அந்தப் பன்மையே மரியாதையாகிப் பெரியவர்களுக்குப் போனது, நம் ‘நீங்கள்’ போல. 1603இல் வால்டர் ராலே என்ற ஆங்கிலேயப் பிரபலர் மீது ராஜத் துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே ‘தௌ’ போட்டு, துரோகி என்று திட்டினார். நம்மூரில் சொன்னால், மன்றத்தில் நிற்க வைத்து ஒருமையில் பேசினார். அதே நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நீதிபதி முதல் பிரபு வரை எல்லோரையும் ‘தௌ’ என்றே அழைத்து, அடியும் வாங்கினார்கள். ‘தாங்கள்’ என்று சொன்னதற்கா அடித்தார்கள்?

இந்தப் பிழை எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். கிறிஸ்தவர்களின் பரமண்டல ஜெபத்தில் ஆங்கிலத்தில் ‘தை நேம்’ (thy name) என்று வருவது தமிழில் ‘உம்முடைய நாமம்’. ‘தை’ என்பது ‘தௌ’வின் உடைமை வடிவம், ‘உன்’. அந்த ‘உம்’மைப் பார்த்து, ஆங்கிலமும் மரியாதைதான் என்று முடிவுகட்டிவிட்டார் எழுதியவர். மரியாதை, மொழிபெயர்த்த நம் ஆட்கள் போட்டது ஐயா. 1611இல் வந்த ஆங்கில பைபிளில் சாத்தானை விரட்டும் இடத்திலும் அதே ஒருமைதான், அவனுக்கும் ‘தாங்கள்’ போடுவாரா? நம் தேவாரத்தில் சிவனையே ‘நீ’ என்றுதானே கூப்பிடுகிறார்கள், அது மரியாதைக் குறைவு என்று யாராவது சண்டைக்கு வந்தார்களா?

இது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். போன வருடம் இதே பகுதியில் ‘குவிக் அண்ட் தி டெட்’ என்பதற்கு ‘வேகமானவர்களும் இறந்தவர்களும்’ என்று பொருள் வந்தது. அங்கே ‘குவிக்’ என்றால் உயிருள்ளவர்கள். பாதரசத்துக்கு ‘குவிக்சில்வர்’ என்று பெயர் வந்ததும் அப்படித்தான், உயிருள்ள வெள்ளி. நகத்தை ஒட்ட வெட்டும்போது சுரீர் என்று வலிக்கிறதே, அந்தச் சதைக்கு இன்றும் ஆங்கிலத்தில் ‘குவிக்’ என்றுதான் பெயர். அதற்கு முன்னால் ‘யீ ஓல்ட்’ (Ye Olde) என்ற கடைப் பலகையை வைத்து, ‘யீ’ என்றே படிக்கச் சொல்லி ஒரு கட்டுரை. அதிலுள்ள ‘ஒய்’ (Y), ‘தார்ன்’ என்ற பழைய எழுத்துக்குப் பதிலாக அச்சுக்கோப்பவர்கள் போட்டது, படிக்க வேண்டியது ‘தி’. இரண்டுக்கும் கடிதம் எழுதினேன். முதல் கடிதம் மூன்று வரியாகச் சுருங்கி, என் இனிஷியலும் மாறி வந்தது. இரண்டாவதற்கு இன்றுவரை பதில் இல்லை. தபால்காரரைச் சந்தேகிக்க மனம் வரவில்லை.

உங்கள் பத்திரிகையை நான் கல்லூரி நாளிலிருந்து காசு கொடுத்து வாங்குகிறேன். ஜாதகப் பக்கத்தில் ராசி மாறிவிட்டால் அடுத்த நாளே முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவிக்கிறீர்கள். ஆங்கிலச் சொல்லுக்கு யார் கேட்கப் போகிறார்கள், சரிதான்.

நான் கேட்பது இரண்டே வரி. வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், ‘தௌ’ என்றால் ‘நீ’ என்று போட்டுவிடுங்கள். பேத்திக்கு அந்த ஒரு மார்க் திரும்பக் கிடைக்குமோ என்னவோ, அது பள்ளியின் பாடு. அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். பசை வாங்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பாளையங்கோட்டை.