கன்று கேட்கிறீர்கள், விதைக்கு யார் ஏற்பாடு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சீமைக் கருவேலம் அகற்றிய கண்மாய்க் கரைகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் நாட்டு மரங்கள் நடப்போவதாக உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். சந்தோஷம். குழி எத்தனை, வேலி எப்படி, தண்ணீர் ஊற்றுவது யார் என்று எல்லாம் எழுதியிருந்தீர்கள். விதை எங்கிருந்து வரும் என்பது மட்டும் அதில் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. திட்டம் போடுகிறவர்களிடமும் அது இருப்பதில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம் பக்கத்தில் சின்னதாக ஒரு நாற்றங்கால் வைத்திருக்கிறேன். தென்னை, தேக்கு, பலாக் கன்று விற்றுத்தான் பிழைப்பு ஓடுகிறது. ஓரமாக இரண்டு பாத்தியில் இலுப்பை, நீர்மருது, வீரை, உலக்கைப் பாலை என்று ஆசைக்குப் போட்டு வைப்பேன். ஒவ்வொரு வருடமும் ஆவணி கடைசியில் போன் வரும். "நாட்டு மரம் ஐயாயிரம் வேண்டும், ஆளுயரம் இருக்கணும், ஐப்பசிக்குள்ள லாரியில ஏத்தணும்." ஆவணியில் கேட்டால் ஐப்பசிக்கு ஆளுயர வீரை எங்கே கிடைக்கும்? வீரை ஒரு வருடத்தில் ஒரு சாண் வந்தாலே பெரிய விஷயம். நான் இல்லை என்பேன். கேட்டவர் வேறு நர்சரிக்குப் போய் தூங்குமூஞ்சியும் மகோகனியும் ஏற்றிக்கொண்டு போவார். இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரங்கள். பில்லில் 'நாட்டு மரக்கன்று' என்றுதான் இருக்கும்.

கன்று என்பது கடைசிக் கட்டம். அதற்கு ஒரு வருடமாவது முன்னால், சரியான பத்து நாளில், சரியான மரத்தடியில் ஓர் ஆள் குனிந்து பொறுக்கியிருக்க வேண்டும். இலுப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் பழம் விழும். ராத்திரி வௌவால் வந்து சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போகும். விடியற்காலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் சாக்கோடு போய் அதைப் பொறுக்கி வருவார்கள். பழுப்பு நிறத்தில், எண்ணெய் தடவியது போல மினுமினுக்கும். பளபளப்பு போய்ச் சுருங்கியதை ஒதுக்கிவிடுவோம். நல்ல கொட்டையை வெயிலில் காயவைக்கவும் கூடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூட்டை கட்டி வைக்கவும் கூடாது. ஈர மணலில் போட்டு உடனே விதைத்தாக வேண்டும். ஒரு மாதம் தள்ளினால் பாதி கூட முளைக்காது. நாவலும் அப்படித்தான். வேப்பங்கொட்டையைச் சும்மா வைத்தால் மூன்று வாரத்திலேயே முளைப்புத்திறன் சரசரவென்று இறங்கிவிடும். கருவேலம், கொன்றை போன்ற கடினத் தோல் விதைகள் மட்டும் வருடக்கணக்கில் காத்திருக்கும், அவற்றுக்கு வெந்நீர் காட்டினால் போதும்.

இது தெரியாமல்தான் போன வருட வேப்பங்கொட்டையை மண்ணில் உருட்டி, விதைப்பந்து என்று பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்து எறியச் சொல்கிறார்கள். பிள்ளைகள் சந்தோஷப்படட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று ஒரு கைப்பிடி விதையை முளைக்கவிட்டுப் பார்த்திருக்கலாம்.

சான்று பெற்ற நெல் விதை வாங்கினால் பையில் நீல அட்டை தொங்கும். முளைப்புத்திறன் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று கணக்கு இருக்கிறது, கேள்வி கேட்க அதிகாரி இருக்கிறார். இலுப்பை விதைக்கு அப்படி ஓர் அட்டையை இதுவரை நான் பார்த்ததில்லை. எந்த ஊர் மரம், எத்தனை மரத்தில் எடுத்தது என்று யாரும் கேட்பதும் இல்லை. ரோட்டோரம் கைக்கு எட்டுகிற ஒரே மரத்தில் பொறுக்கி ஐயாயிரம் கன்று போட்டால், அத்தனையும் ஒரு தாய் மக்கள். ஒரு நோய் வந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து வரும். இருபது முப்பது தாய்மரத்திலாவது கலந்து எடுக்க வேண்டும். அந்த மரங்கள் இன்னும் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கோயில் காடுகளில். எங்கள் மாவட்டத்தில் அய்யனார் காவலில் நிற்கும் காடுகள் பல உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறது. கிழக்குக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காட்டுக்கு, அதாவது வறண்ட மாதங்களிலும் பச்சையாகவே நிற்கும் காட்டுக்கு, விதைக்கிடங்கு என்றால் இவைதான்.

அந்தக் கிடங்கும் பத்திரமாக இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது நான் விதை எடுத்துவந்த பழைய மரங்கள் பல அடியோடு சாய்ந்தன. இப்போது பருவமும் கைகொடுப்பதில்லை. பூக்கிற நேரத்தில் கோடை மழை அடித்துப் பூ கொட்டிவிடுகிறது. ஒரு வருடம் காய்த்த மரம் அடுத்த வருடம் சும்மா நிற்கிறது. அதனால் காய்க்கிற வருடத்தில் கூடுதலாக எடுத்தால்தான் காயாத வருடத்துக்கும் கன்று இருக்கும். உள்ளூர் விதையைத் தவிர வேறெதுவும் கூடாது என்று நான் அடம்பிடிக்கவில்லை. வரப்போகும் வெயிலை நினைத்தால், வேம்பிலும் வெள்வேலிலும் ஒரு பங்கை நம்மைவிட வறண்ட ராமநாதபுரம் பக்கத்திலிருந்து எடுத்துக் கலப்பது நல்லது என்றே நினைக்கிறேன். எதை எங்கே நட்டோம் என்று எழுதி வைத்தால்தான் இருபது வருடம் கழித்து எது தாங்கியது என்று தெரியும்.

இது நம் ஊர்த் தலைவலி மட்டும் இல்லை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காட்டுத்தீயில் எரிந்த அரசு நிலங்களை மீட்க நாட்டு விதை போதவில்லை என்று அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகங்கள் 2023இல் ஓர் அறிக்கை வெளியிட்டதாக, வேளாண்மை படிக்கும் என் மகள் சொன்னாள். தீப்பிடித்த பிறகுதான் அரசு வாங்க வருகிறது, முன்கூட்டி உறுதி இல்லாததால் விளைவிக்கிறவர்கள் துணிந்து இறங்குவதில்லை என்பது அங்கேயும் புகாராம். பிரேசிலில் சிங்கு ஆற்றுப் பக்கம் 2007இல் தொடங்கிய விதை வலையமைப்பு வேறு மாதிரி செய்கிறது. பழங்குடிப் பெண்களும் சிறு விவசாயிகளும் என்னென்ன விதை தர முடியும் என்று முன்னதாகவே சொல்கிறார்கள். அதை வைத்து ஆர்டர் வருகிறது, அப்புறம்தான் காட்டுக்குள் போகிறார்கள். அந்தக் கூட்டுறவு நமக்கு முடியாத காரியமா?

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கினார்கள். அப்போது 23.7 சதவீதமாக இருந்த வன, மரப் பரப்பை 33 ஆக்குவது இலக்கு. அதே வருடம் அயல் தாவரங்களை அகற்றி நிலத்தை மீட்பதற்குத் தனிக் கொள்கையும் வந்தது. காகிதத்தில் குறையில்லை. ஆனால் எங்களிடம் வருகிற கணக்கெல்லாம் நட்ட கன்று எத்தனை என்பதுதான். மண்ணுக்குள் கிடக்கும் சீமைக் கருவேல விதை யாருக்காகவும் காத்திருக்காது. பொக்லைன் போன அடுத்த மழையிலேயே முளைத்துவிடும். அதற்குள் நம் விதை தயாராக இருக்க வேண்டும். கொழுக்கட்டைப் புல் விதையையாவது முதலில் தூவிவிட்டால் ஆடு மாட்டுக்கும் ஆகும். மேய்க்கால் புறம்போக்கில் மரத்தை மட்டும் அடைத்து வைத்தால் ஊர்க்காரர்கள் வேலியைப் பிடுங்கத்தான் செய்வார்கள்.

மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. எந்தக் கரையில் என்ன நடப்போகிறோம் என்ற பட்டியலை இரண்டு வருடம் முன்னதாக வெளியிடுங்கள். கோயில் காட்டுத் தாய்மரங்களுக்கு எண் போட்டு, ஊர்ப் பெண்கள் குழுக்களிடம் கிலோ விலை பேசி, விதையை முளைக்கவிட்டுப் பார்த்து வாங்குங்கள். காட்டிலேயே முளைப்பதற்கு ஒரு பங்கை விட்டுவைக்கச் சொல்லுங்கள். எங்களைப் போன்ற நாற்றங்கால்களிடம் 'ஆளுயரம்' என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, ஒரு முழம் உயரமுள்ள, நன்றாக வேர் பிடித்த கன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் ஐப்பசியில் இலுப்பை நட வேண்டுமென்றால், விதைக்கான பணம் இந்த வருடம் ஆனி பிறப்பதற்கு முன்னால் பொறுக்குகிறவர்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
நாற்றங்கால் வைத்திருக்கும் ஒரு வாசகர்,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.