மாமியின் தோளில் கிடக்கிற செல் பீஸை முதலில் சொல்லு

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

மாமியின் காது நரம்புக் கட்டிக்கு காமா நைஃப் செய்வதாக எழுதியிருந்தாய். பெயரில் கத்தி இருக்கிறதால் மண்டையைத் திறப்பார்களோ என்று மாமி பயப்படுகிறாவாம். கதிரால் செய்கிற வைத்தியம் அது, கத்தியும் இல்லை, தையலும் இல்லை என்று சொல்லு. ஆனால் 2009 சண்டையில் தோளில் பட்ட செல் பீஸ், அந்தக் குண்டுத் துண்டு, இன்னும் உள்ளேதான் கிடக்கு. அதை அங்கே யாருக்காவது சொன்னீர்களா?

கட்டிக்குக் குறி வைக்க எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், அது பெரிய காந்தத்தால் படம் பிடிக்கிற கருவி. அந்த அறைக்குள் போக முன்னம் ஒரு படிவம் தருவார்கள். உடம்பில் உலோகம் உண்டா என்று அதில் கேட்டிருக்கும். எங்கட சனம் தோடு, மூக்குத்தி, தாலிக்கொடியில் கொழுவின ஊக்கு எல்லாத்தையும் கழற்றித் தந்துவிட்டு "ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிடும். பீஸை ஆரும் உலோகமாக நினைப்பதில்லை, அது அவர்களுக்குப் பழைய காயம். செல் துண்டு பெரும்பாலும் உருக்கு. காந்தம் இழுக்கும், சூடும் ஏறலாம். பல வருடம் தசைக்குள் தழும்பு பிடித்துக் கிடக்கிற துண்டு இலகுவில் அசையாது. கண்ணுக்குள், முள்ளந்தண்டுக்குக் கிட்ட, பெரிய இரத்தக்குழாய் ஓரம் என்றால்தான் பெரிய ஆபத்து. எக்ஸ்ரே எடுத்து இடத்தைப் பார்த்துவிட்டு கதிரியல் டொக்டர் முடிவு சொல்லட்டும். தலையிலும் பீஸ் இருக்கிறதோ என்று மாமியிட்ட கேள். அங்கே இருந்தால் இரும்பு படத்தையே வளைத்துக் காட்டும். மில்லிமீற்றர் கணக்கில் குறி வைக்கிற வைத்தியம் இது. படம் வளைந்தால் குறியும் தப்பும்.

கருவி வேலை செய்கிற விதம் விளங்க, கிடுகுக் கூரை ஓட்டைகளால் கம்பி கம்பியாக விழுகிற வெயிலை நினைத்துக்கொள். ஒரு கம்பி கையில் பட்டால் சுடாது. எல்லாக் கம்பியும் ஒரே புள்ளியில் விழுந்தால் சுட்டுவிடும். இப்போதைய கருவியில் கதிர் வீசுகிற கோபால்ற்-60 உலோகத்தின் 192 மூலங்கள் இருக்கும். ஒவ்வொரு கதிரும் போகிற வழியில் மூளைக்குக் கொடுப்பது சொற்பம், சந்திக்கிற இடத்தில்தான் முழு அடி. கதிரை விடுகிற துளைகள் 4, 8, 16 மில்லிமீற்றர். கட்டியின் வடிவத்துக்கு ஏற்றபடி சின்னதும் பெரிதுமாகக் கதிர் உருண்டைகளை அடுக்கி நிரப்புவார்கள். சுவீடனின் லார்ஸ் லெக்செல் 1951 இலேயே சொன்ன யோசனை இது, முதல் கருவி 1968 இல் வந்தது. மூன்று சென்ரிமீற்றரைத் தாண்டின கட்டிக்கு வழக்கமாக இதைச் செய்யமாட்டார்கள். மாமியுடையது 18 மில்லிமீற்றர்தானே.

இந்தக் கட்டியின் விளிம்புக்கு வழக்கமாக 12 முதல் 13 கிரே கொடுப்பார்கள், கிரே என்பது கதிரை அளக்கிற அலகு. பக்கத்தில் முக நரம்பும் மூளைத்தண்டும் கிடக்கு. கூட்டினால் முகம் கோணலாம், குறைத்தால் கட்டி வளரலாம்.

அன்றைக்குக் காலமை விறைப்பு ஊசி நாலு இடத்தில் போட்டு, நாலு ஆணியால் தலையில் ஒரு சட்டம் இறுக்குவார்கள். ஊசிதான் நோகும், ஆணி இறுக்கமாக மட்டும் தெரியும். மண்டையோட்டில் எலும்பு போன இடம் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேணும், அதில் ஆணி வைக்கக் கூடாது. சட்டத்தோடேயே ஸ்கான். கணக்கெல்லாம் அந்தச் சட்டத்தை வைத்துத்தான், அதனால் ஒரு மில்லிமீற்றர் நழுவினாலும் பிழை. சில இடங்களில் முகமூடி போட்டும் செய்கிறார்கள். படுக்கையில் கிடக்கிற நேரத்தை மற்ற ஆளோடு ஒப்பிட வேண்டாம். கோபால்ற்றின் கதிர் வீச்சு 5.27 வருடத்தில் பாதியாகிவிடும், மூலம் பழசானால் அதே அளவுக்கு நேரம் கூடும். மாமி மயக்கத்தில் இருக்கமாட்டா, மைக்கில் கதைக்கலாம்.

சட்டத்தைக் கழற்றினதும் தலை விண் விண் என்று இடிக்கும், ஆணிக் குழியால் கொஞ்சம் இரத்தம் கசியும். அழுத்திப் பிடித்தால் நிற்கும். கண் இமை வீங்கினால் பயப்பட வேண்டாம். முடி வழக்கமாகக் கொட்டாது. உடம்பில் கதிர் தங்காது, பேரப்பிள்ளைகள் மடியில் ஏறலாம்.

கட்டி அடுத்த நாள் மறைந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. கட்டியின் கலங்கள் பெருகுகிற சக்தியை இழக்கும், அவ்வளவுதான். முதல் வருடத்துக்குள் வீங்கிப் பெரிதாகத் தெரியலாம். அதைப் பார்த்து "திரும்ப வளருது" என்று அவசரப்பட்டு ஒப்பரேசனுக்கு ஓடுவது தேவையில்லாத வேலை. அடுத்த ஸ்கான் வரைக்கும் பொறுத்துப் பார்க்கச் சொல்வார்கள். காது கேட்பது வருடக்கணக்கில் மெல்லக் குறையலாம். ஆனால் சத்தி (வாந்தி), நடை தள்ளாடுதல், கூடிக்கொண்டே போகிற தலையிடி என்றால் அன்றைக்கே கொண்டு போ, மூளை நீர் தேங்கியிருக்கலாம். வீக்கம் குறைக்கிற டெக்சாமெதசோன் மருந்து தந்தால் சீனி ஏறும், மாமிக்கு இரண்டு நேரமும் குத்திப் பார். இரத்தம் ஐதாக்கிற குளிசையை நீயாக நிறுத்தாதே, குடிக்கிறா என்று சொல்லு.

ஆஸ்பத்திரியில் தந்த மாமியின் பழைய டயக்னோசிஸ் அட்டையில் பீஸ் பற்றி எழுதியிருக்கும். இங்கே வீட்டில் கிடந்தால் படம் எடுத்து அனுப்புகிறேன். அன்றைக்கு முன்னுக்குப் பட்டன் வைத்த சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போ, சட்டம் இறுக்கின பிறகு தலையால் ஒன்றும் கழற்ற முடியாது.

அன்புடன்,
அப்பா